வயலை விட்டு வந்த உடம்பு

மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூருக்கு எந்த முகூர்த்த நாளில் போனாலும், பிரகாரம் முழுக்க மாலையும் கழுத்துமாகத் தம்பதிகளைப் பார்க்கலாம். மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும்; பெண்ணுக்கு மூட்டு வலிக்கும். அறுபது நிறைந்தவர்களுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்தவர்களுக்கு சதாபிஷேகம். மார்க்கண்டேயனின் உயிரைப் பறிக்க வந்த எமனைச் சிவன் காலால் உதைத்த தலம் என்பதால், ஆயுள் தொடர்பான சடங்குக்கெல்லாம் டெல்டாக்காரர்களுக்கு இதுதான் ஊர். சதாபிஷேகம் செய்துகொள்பவரை ஆயிரம் பிறை கண்டவர் என்பார்கள். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே 29.53 நாள், ஆயிரத்தால் பெருக்கினால் 80 ஆண்டும் 10 மாதமும் வருகிறது. முன்னோர்கள் கணக்கில் கோட்டை விடவில்லை.

அந்த முன்னோர்கள் எல்லோருமே ஆயிரம் பிறை கண்டார்கள் என்று சிலர் மேடைக்கு மேடை சொல்வதுதான் இடிக்கிறது. 1940களில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 ஆண்டு அளவில் இருந்தது. இன்று அது 70ஐத் தொட்டுவிட்டது. இதை வைத்துக்கொண்டு, அன்று எல்லோரும் முப்பது வயதில் கிழவர்களாகிச் செத்தார்கள் என்று நினைப்பதும் தவறு. அம்மை, காலரா, வயிற்றுப்போக்கு, பேறுகாலக் காய்ச்சல் என்று பிள்ளைகளும் தாய்மார்களும் கொத்துக் கொத்தாகப் போனதால் சராசரி கீழே விழுந்தது. தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் எண்பதைத் தாண்டினார்கள். ஊரே அவர்களை நினைவில் வைத்துக்கொண்டது. போனவர்களை யாரும் எண்ணவில்லை. இன்று நாம் கூடுதலாக வாழ்வதற்குத் தடுப்பூசியும் குழாய்த் தண்ணீரும் ஆன்டிபயாட்டிக்கும் முதல் காரணம்.

ஆனால் தடுப்பூசி மூப்பைத் தடுக்காது. 1825இல் பெஞ்சமின் காம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயக் காப்பீட்டுக் கணக்கர், வயது கூடக்கூட இறக்கும் வாய்ப்பு ஒரே சீரான விகிதத்தில் பெருகுகிறது என்று கண்டார். இன்றைய கணக்கில், நடுத்தர வயதுக்குப் பிறகு சுமார் 8 ஆண்டுக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு இரட்டிப்பாகிறது. நாடு மாறினாலும் காலம் மாறினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. தமிழ்நாட்டில் இதன் பாரம் கூடிக்கொண்டே வருகிறது. 2021 கணிப்பின்படி இங்கே 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம்.

மார்க்கண்டேயன் கதையின் தொடக்கத்தில் அவன் தந்தை மிருகண்டு முனிவருக்கு இரண்டு வரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள்: நூறாண்டு வாழும் மூடப் பிள்ளையா, பதினாறே ஆண்டு வாழும் அறிவுள்ள பிள்ளையா? மூப்பை ஆராய்பவர்கள் இன்று ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். எத்தனை ஆண்டு என்பதைவிட, கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தன் காலில் நடந்து, தன் கையால் சாப்பிட்டு, பேரன் பெயரை மறக்காமல் கழிகின்றனவா என்பதில் அவர்கள் கவனம் திரும்பியிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், மனிதச் செல்கள் சோதனைக் குடுவையில் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுவதைக் காட்டினார்கள். குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்வது அதற்கு ஒரு காரணம். அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. டெலோமியரோடு கதை முடியவில்லை. 2013இல் மூப்பின் அடையாளங்கள் ஒன்பது என்று ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். 2023இல் அதைப் பன்னிரண்டாக்கினார்கள். மரபணுவில் சேரும் சேதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் தளர்ச்சி, சாகவும் மாட்டாமல் வேலையும் செய்யாமல் சுற்றியுள்ள திசுவை எரிச்சலூட்டிக்கொண்டிருக்கும் செல்கள், அதனால் உடம்பெங்கும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பட்டியலில் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே பிடிபடக்கூடியது ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் பழுதான புரதங்களையும் உடைசல்களையும் செல்லே விழுங்கிக் கரைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. இது எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு வழங்கினார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாருவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். தூர்வாராவிட்டால் அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் கடைமடைக்கு வந்து சேராது. வயதாக ஆக இந்த வேலை மந்தமாகிறது. உடற்பயிற்சியும், சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடையே வயிற்றுக்குக் கொடுக்கும் ஓய்வும் அதைத் தூண்டுவதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன.

எல்லோருக்கும் இது ஒரே வேகத்தில் நடப்பதில்லை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களுக்கு 38 வயதானபோது ரத்தம், சிறுநீரகம், நுரையீரல் என்று பத்து அளவுகளை எடுத்து உடம்பின் வயதைக் கணித்தார்கள். ஒரே வயதுக்காரர்களின் உடம்புக்கு 28லிருந்து 61 வரை வயது வந்தது. ஓர் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்களை ஐம்பது வயதில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தவர்களுக்கு இதை நிரூபிக்க ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை.

மாத்திரையால் மூப்பை நிறுத்த முடியுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1935இல் கிளைவ் மெக்கே எலிகளுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்து அவற்றின் ஆயுளைக் கூட்டினார். குரங்குகளிடம் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் இதைச் செய்து பார்த்தபோது விஸ்கான்சினில் ஆயுள் கூடியது, தேசிய முதுமை ஆய்வு நிலையத்தில் கூடவில்லை. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பிட்டதில், விஸ்கான்சின் குரங்குகளின் தீவனத்தில் சர்க்கரை மிக அதிகம் என்பது முக்கிய வேறுபாடுகளில் ஒன்றாக இருந்தது. தாறுமாறாகத் தின்கிறவனுக்குக் குறைப்பதால் லாபம் பெரிது. ஏற்கெனவே அளவாகத் தின்கிறவனுக்கு அவ்வளவு இல்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்த ராபமைசின், மனிதக் கணக்கில் அறுபது வயதுக்குச் சமமான எலிகளின் ஆயுளையும் நீட்டியது என்று 2009இல் தெரியவந்தது. ஆனால் அது சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கக் கொடுக்கும் மருந்து. டெல்டாவில் சர்க்கரை நோயாளிகளின் வீட்டிலெல்லாம் இருக்கும் மெட்ஃபார்மின்கூட மூப்பைத் தள்ளிப்போடுமா என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை இல்லாதவர்கள் அதை விழுங்குவதற்கு இன்னும் ஆதாரம் இல்லை. ஆயுளை நீட்டுவதாக விளம்பரத்தில் வரும் மாத்திரைப் புட்டிகளுக்கு என் சிபாரிசு, பணப்பையை இறுக மூடிக்கொள்வதுதான்.

இனி டெல்டாவுக்கே வருவோம். இந்த மண்ணின் முதுமையைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றே ஒன்று: ஐம்பது ஆண்டுகளில் உடம்பை விட்டு வேலை போய்விட்டது, தட்டில் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது.

நடவை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரில் மண் உதறி, முடியாகக் கட்டி, தலையில் சுமந்து வரப்பில் நடந்து வந்து வயலில் வீசுவார்கள். பெண்கள் வரிசையாக நின்று, இடுப்பை வளைத்து, கணுக்காலுக்கு மேல் சேற்றில் புதைந்த காலைப் பின்னோக்கி ஒவ்வோர் அடியாகப் பிடுங்கி வைத்து, காலையிலிருந்து பிற்பகல்வரை நட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கிணற்று வாளி, ஆட்டுக்கல், அம்மி, உரல். ஆண்களுக்கு ஏர், பரம்பு, மண்வெட்டி, மூட்டை. இந்த உடம்புக்குத்தான் குண்டான் நிறையச் சோறு வேண்டியிருந்தது. இன்று உழுவது டிராக்டர், நடுவது நடவு இயந்திரம், அல்லது நாற்றே இல்லாமல் நேரடி விதைப்பு. அறுப்பது அறுவடை இயந்திரம். வயலுக்குப் போக பைக் இருக்கிறது. 2011க்குப் பிறகு மிக்ஸியும் கிரைண்டரும் அரசே வீட்டுக்குக் கொடுத்தது. இன்னும் முதுகில் சுமை ஏறுகிற இடம் என்றால், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை தூக்குகிறவர்கள்தான்.

அந்தக் காலத்தைத் திரும்பக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நட்டு நட்டுக் கூன் விழுந்த இடுப்புகளையும், சேற்றுப் புண்ணோடு நடந்த கால்களையும் பார்த்தவர்கள் யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்ல மாட்டார்கள். ஆய்வும் அதையே சொல்கிறது. 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடும் உடலுழைப்பு வேலையில் இருந்த ஆண்களின் இறப்பு வாய்ப்பு, உழைப்பு குறைவான வேலையில் இருந்தவர்களைவிட 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. ஓய்வின்றி, வேகத்தைத் தானே தீர்மானிக்க முடியாமல், வெயிலில் செய்யும் வேலை உடம்பைத் தேய்க்கிறது. அதே சமயம் அசையாமலே இருந்தாலும் உடம்பு கெடுகிறது. 1953இல் ஜெரமி மாரிஸ் லண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்தார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே ஊர், ஒரே வர்க்கம், ஒரே வண்டி. ஆனால் நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு, உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட மாரடைப்பு குறைவாக வந்தது. நம் ஊர் பஸ்களில் ஒரே அடுக்குதான், ஆனாலும் கூட்ட நேரத்தில் முன்படிக்கும் பின்படிக்கும் நெருக்கியடித்து நடக்கிற கண்டக்டரைப் பார்த்தால் மாரிஸ் சொன்னது புரியும்.

இந்தியர் உடம்பில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. ஆனால் யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு, தசை குறைவு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது தசைதான். தசை இல்லாத உடம்பில் மூன்று வேளைச் சோறு இறங்கினால் சர்க்கரை எங்கே போகும்? 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள்.

நீண்ட ஆயுளைப் பற்றிய பேச்சில் எல்லோரும் இதயத்தையும் மூளையையும் பேசுகிறார்கள். தொடையைப் பற்றிப் பேச ஆளில்லை. முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை கரைகிறது, அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. முதலில் போவது நொடியில் வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். கால் இடறும்போது சட்டென்று அடுத்த காலை முன்னே வைத்துச் சமாளிக்கத் தேவையான இழைகள் அவைதான். அதனால்தான் முப்பதில் தடுமாற்றத்தோடு போகிற வழுக்கல் எழுபதில் இடுப்பு எலும்பு முறிவாகிறது.

பந்தியைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் பாய் விரித்து இலை போட்ட பந்தி முடியும் நேரம். இளைஞன் இலையை மடித்துவிட்டுக் கையை ஊன்றாமல் எழுந்துவிடுவான். ஐம்பது வயதுக்காரர் ஒரு கையைத் தரையில் ஊன்றுவார். அறுபத்தைந்தைத் தாண்டியவர் முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்காலை ஊன்றி, பக்கத்தில் இருப்பவரின் தோளைப் பற்றி, 'அம்மாடி' என்று ஒரு மூச்சு விட்டு எழுவார். பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோ இதையே பரிசோதனையாக்கினார். தரையில் உட்கார்ந்து எழுவதற்கு மொத்தம் 10 மதிப்பெண். கை, முழங்கால் என்று ஊன்றும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். 51 முதல் 80 வயதுவரை உள்ள 2,002 பேரைச் சுமார் 6 ஆண்டுகள் தொடர்ந்ததில், 3ம் அதற்குக் கீழும் எடுத்தவர்களின் இறப்பு வாய்ப்பு, 8ம் அதற்கு மேலும் எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். 2022இல் அவரது குழு வெளியிட்ட இன்னொன்று அதைவிட எளியது: பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா? முடியாதவர்களின் இறப்பு வாய்ப்பு 84 விழுக்காடு அதிகம். ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் அல்ல. கால் தசை, சமநிலை, நரம்பு எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்தப் பத்து நொடி காட்டிவிடுகிறது.

டெல்டாக்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன்வரை இந்தப் பரிசோதனையை நாளுக்குப் பலமுறை எழுதினார்கள். சம்மணம் போட்டுச் சாப்பாடு, குத்துக்காலிட்டுக் கோலம், பாயில் படுக்கை, குந்தும் கழிவறை. இப்போது கல்யாண மண்டபத்தில் மேசை நாற்காலி, வீட்டில் சோபா, கட்டில், மேல்நாட்டுக் கழிவறை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இவை தேவை, மறுக்கவில்லை. நாற்பது வயதில் முழங்கால் நன்றாக இருக்கும்போதே தரையைக் கைவிட்டுவிடுவதுதான் பிழை. கீழே உட்கார்ந்து எழும் பழக்கத்தை விட்டவர்களுக்குச் சில ஆண்டுகளில் தரை எட்டாத தூரமாகிவிடும்.

இழந்ததைத் திரும்பப் பெற வயது தடையில்லை. 1990இல் மரியா ஃபியாட்டரோன் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயதுவரை இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. கையின் பிடியும் இதேபோலப் பேசும். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1.4 லட்சம் பேரிடம் நடந்த ஆய்வில், பிடிவலு 5 கிலோ குறைவாக இருந்தால் இறப்பு வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது. இறப்பையும், குறிப்பாக இதயநோயால் வரும் இறப்பையும், முன்கூட்டிக் காட்டுவதில் ரத்த அழுத்தத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

எனவே எழுபது வயதுக்காரருக்கு நடைப்பயிற்சி மட்டும் போதாது. கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். ஒரு தடவைக்குத் தொடர்ந்து எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தரம். கை பிடிக்கக் கட்டில் சட்டம் இருக்கும்படி நின்று குதிகாலைத் தூக்கலாம். அரை வாளித் தண்ணீர் சுமந்து கொல்லைவரை போய் வரலாம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியும், 65க்கு மேற்பட்டோருக்கு மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் சொல்கிறது. நடைக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, அறிவியலிலிருந்து வந்ததல்ல. சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடந்த 2019 ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு 41 விழுக்காடு குறைந்திருந்தது. சுமார் 7,500க்கு மேல் பலன் கூடவில்லை. வரப்பில் நடந்தால் சமநிலைக்கும் பயிற்சி கிடைக்கும், மழைக்காலம் தவிர. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்தால் வேலை செய்யும் தசை இன்சுலினைக்கூட எதிர்பாராமல் சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

தட்டுக்கு வருவோம். இந்தியர் உணவில் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது 2025இல் வெளியான தேசிய ஆய்வு. டெல்டாவின் தட்டில் அது யாருக்கும் வியப்பளிக்காது: குழம்புக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. முதியவர்களின் தசைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது பல வல்லுநர்களின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60லிருந்து 72 கிராம். முந்நூறு கிராம் அரிசியில் 20 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒரு முட்டையில் 6. ஒரு தம்ளர் பாலில் அதே அளவு. மிச்சம் எங்கே? விடை வயலிலேயே முளைக்கிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்கு நடுவே உளுந்தையும் பச்சைப் பயறையும் விதைப்பது இந்த ஊரின் பழைய வழக்கம். மீந்த ஈரத்திலேயே அவை விளைந்துவிடும். நூறு கிராம் உளுந்தில் புரதம் 24 கிராம் அளவில். அதை மூட்டை கட்டி விற்றுவிட்டு, வீட்டில் வத்தக்குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிடுகிறோம். சுண்டல், உளுந்தங்களி, பருப்பு உருண்டைக் குழம்பு, இட்லிக்குப் பாசிப்பருப்பில் செய்யும் கும்பகோணத்துக் கடப்பா, அசைவக்காரர்களுக்கு நாகப்பட்டினத்து மத்தி என்று ஏற்றிக்கொண்டு, அதற்குச் சமமாகச் சோற்றை ஒரு கரண்டி இறக்கினால் போதும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். நெல் ஜெயராமன் போன்றவர்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாரம்பரிய நெல்லைக் காப்பாற்றியது பெரிய காரியம். தீட்டாத அரிசியில் நார் அதிகம், சர்க்கரை மெதுவாக ஏறும். ஆனால் அதுவும் அரிசிதான்; இரண்டு மடங்கு சாப்பிட்டால் இரண்டு மடங்கு மாவுச்சத்துதான். பழைய சோற்றில் ஒரே இரவில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகும் என்ற செய்தியும் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். பானைக்குள் அது புதிதாகப் பிறக்காது. புளிக்கும்போது இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட் சிதைவதால் உடம்பு அதை எளிதாக உறிஞ்சிக்கொள்ளலாம். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்தும் கொஞ்சம் கூடும். நல்ல உணவுதான், அற்புதம் இல்லை. கூடவே தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாய், நார்த்தங்காய், கருவாடு மூன்றிலும் உப்புதான் உறுத்தும்.

உப்பு விஷயம் அவ்வளவு சின்னதல்ல. 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்த வேதாரண்யம் இந்த டெல்டாவின் ஓரத்தில்தான் இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21 ஆயிரம் பேரிடம், சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அது ஆகாது. வெற்றிலைக்கும் இங்கேயே ஒரு வரி: கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி, ஆனால் உள்ளே வைக்கும் பாக்கு, புகையிலை இல்லாமலேயே, வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது.

ரத்த அழுத்தத்துக்கு வலி கிடையாது. அதனால்தான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மூப்பின் அறிவியலில் நோபல் வாங்கிய எதையும்விட, அந்தப் பெண் பணியாளர் கதவைத் தட்டிக் கையில் கொடுக்கும் மாத்திரைப் பட்டை இப்போதைக்கு அதிகம் பேரின் ஆயுளைக் கூட்டும் என்பது என் எண்ணம். நடு வயதில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மூளையையும் காக்கிறது. இந்தியாவில் 60ஐக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். லான்செட் இதழின் ஆய்வுக் குழு 2024இல் அந்நோய்க்குத் திருத்தக்கூடிய காரணங்கள் பதினான்கைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் சரிசெய்தால் ஏறக்குறைய 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அதில் காது கேளாமையும் கண் பார்வைக் குறைவும் உண்டு. கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளத் தயங்காத நம் ஊர்க்காரர்கள், காதுக்குக் கருவி என்றால் மட்டும் கௌரவக் குறைச்சல் என்று ஒதுங்குகிறார்கள். கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார்; விலகியவருக்கு மூளையில் வேலை குறைகிறது.

விலகல் என்றதும் கடைசி விஷயம். நூறு வயதுக்காரர்கள் நிறைந்த தீவுகளைப் பற்றிய கதைகளை நான் நம்பவில்லை. அத்தகைய இடங்களில் பலவற்றில் பிறப்புப் பதிவு சரியாக இல்லை என்று காட்டிய ஆய்வாளர் சால் நியூமனுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2024இல் கொடுத்தார்கள். ஆனால் அக்கதைகள் உறவைப் பற்றிச் சொல்வதற்குத் தனி ஆதாரம் இருக்கிறது. 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைத் தொகுத்துப் பார்த்த 2010 ஆய்வில், உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல். டெல்டாவில் பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். நான்கு கட்டு வீட்டில் ஒரு பாட்டி மட்டும் இருப்பார். வீடியோ அழைப்பு வரும், பணம் வரும். தனக்கென்று ஒருத்திக்குக் குழம்பு வைப்பானேன் என்று காலையில் ஒரு பானைச் சோறும் ரசமும் வைத்து இரவுவரை ஓட்டிவிடுவார். பருப்பு வேகாது, முட்டை வராது, கடைக்கு நடக்க வேண்டிய தேவையும் இல்லை. அடுத்த ஆண்டு திண்ணைப் படி இறங்கும்போது கால் தடுமாறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும்போதே, 'உங்கள் வீட்டில் சாப்பாடு யார் சமைக்கிறார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் பாட்டி?' என்று கேட்டு, அந்தப் பதிலையும் சீட்டில் எழுதிவைக்கலாம். மாத்திரையோடு பக்கத்து வீட்டுக்காரர்களையோ மகளிர் சுயஉதவிக் குழுவையோ அந்த வாசலுக்கு அனுப்ப அதுவே முதல் தகவலாக இருக்கும்.